நிர்வாகத்தில் சற்று மெதுவானவர்

ஆயர்களைத் தூய ஆவியார்தான் தேர்ந்தெடுக்கிறார் என்று சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அறுபத்திரண்டு வயதுவரை நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான், அவர் தனியாக முடிவெடுக்கத் தயங்கி, மைசூரு விஜயநகரில் பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும் என்னையும் ஒரு வார்த்தை கேட்டுவைக்கிறார் என்று தெரிந்தது. டில்லி வழியாகக் கேட்டார். ஆங்கிலத்தில், நான்கு பக்கம், டைப் அடித்து.

ஆயருக்கு எழுபத்தைந்து வயதானால் பதவி விலகல் கடிதத்தைத் திருத்தந்தைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். நாற்காலி காலியாகப் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் கோயில் பங்கில் எல்லோரும் ரோமாபுரிக்கே ஆலோசகர்கள் ஆகிவிட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் இட்லிப் பொட்டலம் வாங்கும் இடத்தில்தான் வேட்பாளர்கள் நிறுத்தப்பட்டார்கள், அங்கேயே தோற்கடிக்கவும் பட்டார்கள். ஒருவருக்கு மொழி சரியில்லை, ஒருவருக்குச் சாதி சரியில்லை, ஒருவருக்குச் சர்க்கரை இருந்தது. யாராவது செபம் செய்கிறாரா என்று மட்டும் ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பங்குப் பேரவைச் செயலாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“மேடம், உள்ளேர்ந்து நியூஸ். நம்ம ஹனூர் சைடு ஆளுதான். ஃபிக்ஸ் ஆயிடுச்சு.”

“ஹௌதா, அப்படியா?” என்றேன்.

“ஹௌது மேடம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

இதை எனக்கு முன்னால் பதினைந்து பேரிடம் சொல்லியிருந்தார். அவருக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியுமே தவிர, நிறுத்தத் தெரியாது.

அந்த வாரமே டில்லியிலுள்ள திருத்தந்தையின் தூதரகத்திலிருந்து கடிதம் வந்தது. உறைக்குள் இன்னோர் உறை. எங்கள் பங்குத்தந்தையைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுத வேண்டும், அவர் ஆயராகத் தகுதியானவரா என்று சொல்ல வேண்டும். கடிதம் வந்ததே யாருக்கும் தெரியக் கூடாது, அவருக்கு அறவே தெரியக் கூடாது. நகல் எடுக்கக் கூடாது, பதிலோடு வினாத்தாளையும் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஏறக்குறைய பாவசங்கீர்த்தனத்துக்கு அடுத்த படி ரகசியம். செயலாளருக்குத் தெரியாத ஒன்று வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குத் தெரிந்திருந்தது, அதைச் சொல்லவும் முடியாது. இதைவிட ஒரு தண்டனை உண்டா? இந்தப் பக்கங்களில் யாருக்கும் பெயர் இல்லாததற்குக் காரணம் அதுதான். பாதி ரகசியத்தையாவது காப்பாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன்.

கதவருகே சக்கர நாற்காலியில் இருந்த என் கணவர், “என்ன?” என்றார்.

“பென்ஷன் ஆபீசுங்க,” என்றேன். முதல் பொய் அப்படித்தான் தொடங்கியது.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரயில்வேயில் கார்டாக இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் போயிற்று. பேச்சு பாதி திரும்பி வந்தது, அந்தப் பாதியையும் அவர் செலவழிக்க விரும்பவில்லை. மகன் போனில் கூப்பிட்டால் தலையை ஆட்டுவார், அது மகனுக்கு எப்படித் தெரியும்? வாரத்தில் ஆறு நாள் எங்கள் வீட்டில் பேசுவது நானும் பிரஷர் குக்கரும்தான்.

ஏழாவது நாள் வெள்ளிக்கிழமை. நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுவருவது மாதத்தின் முதல் வெள்ளியில்தான் வழக்கம். எங்கள் பங்குத்தந்தைக்கு எது முதல் வெள்ளி என்று நினைவிருப்பதில்லை, அதனால் எல்லா வெள்ளியும் வந்துவிடுவார். பத்து நிமிட வேலைக்கு ஒன்றரை மணி நேரம் இருப்பார். பரணில் கிடந்த கேரம் பலகையைத் தூசி தட்டி இறக்கியவர் அவர்தான். என் கணவரால் இடது கையால்தான் அடிக்க முடியும் என்பதால் தானும் இடது கையாலேயே ஆடுவார். ஆடி, தோற்பார். நடித்தெல்லாம் தோற்கவில்லை, அவருக்கு ஆட்டமே வராது. அவர் ஸ்ட்ரைக்கரைக் குழிக்குள் தள்ளும்போதெல்லாம் என் கணவர் வாய்விட்டுச் சிரிப்பார். “ஃபாதர், அபராதம்,” என்று இரண்டு சொல் முழுசாகச் சொல்வார். நான் சமையலறையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மற்ற நாட்களில் நானும் என் கணவரோடு ஆடிப் பார்த்தேன். அவர் ஜெயிக்கட்டுமே என்று, அவர் பார்க்காதபோது கருப்புக் காயைக் குழியருகே ஒரு விரலால் தள்ளிவைப்பேன். கண்டுபிடித்துவிடுவார். முகத்தைத் திருப்பிக்கொள்வார், ஆட்டம் அதோடு முடிந்துவிடும்.

இப்போது அந்த நான்கு பக்கம். உடல்நலம் எப்படி, குடும்பத்தில் பரம்பரை நோய் உண்டா, கோபக்காரரா, செபிக்கிறாரா, போதனையில் உறுதியானவரா, பணவிஷயத்தில் எப்படி, நிர்வாகத் திறமை உண்டா. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை கேட்பதில்லை. உண்மையை எழுதினால் எங்கள் ஃபாதரைவிட நல்ல ஆயர் கிடைக்கமாட்டார் என்று எழுத வேண்டும். எழுதினால் அவரை இந்த ஊரிலோ, நான் கேள்விப்படாத வேறு ஊரிலோ கொண்டுபோய் ஆயராக உட்கார்த்திவிடுவார்கள். ஆயர்கள் வெள்ளிக்கிழமைதோறும் கேரம் ஆட வருவதில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அதை அலங்காரமாகச் சொல்ல வழி தெரியவில்லை, பயமாகத்தான் இருந்தது.

நான் அரசு அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்ட்டாக ஓய்வு பெற்றவள். கீழே வேலை பார்த்தவர்களைப் பற்றி வருடாவருடம் ரகசிய அறிக்கை எழுதியே தலை நரைத்தது. ஒருவரைத் திட்டி எழுதினால் அவர் மேலிடத்தில் முறையிட்டுத் தப்பித்துவிடுவார். புகழ்ந்து எழுதினால் தப்பிக்கவே முடியாது. ‘மிகவும் நல்ல மனிதர், முயற்சி செய்கிறார்’ என்று எழுதிவிட்டால் பதவி உயர்வை அவர் அத்தோடு மறந்துவிட வேண்டியதுதான். அந்த வித்தையை அன்று முழுசாக இறக்கினேன். பக்தியானவர், ஏழைகளிடம் பிரியமுள்ளவர், நோயாளிகளைத் தேடிப் போகிறவர் என்றெல்லாம் எழுதினேன். நிர்வாகம் என்ற இடத்தில், ஞானஸ்நானப் பதிவேடு இரண்டு மாதம் பின்தங்கிக் கிடப்பதையும், பேரவைக் கூட்டத்துக்கே ஒரு தடவை வர மறந்ததையும் சொல்லி, ‘நிர்வாகத்தில் சற்று மெதுவானவர், தற்போது இருக்கும் இடத்தில் மிகவும் பயன்படுகிறார்’ என்று முடித்தேன். கடைசிக் கேள்விக்கு, ‘இன்னும் சில ஆண்டு அனுபவத்துக்குப் பின் பரிசீலிக்கலாம்’ என்று எழுதினேன். அவருக்கு அப்போது ஐம்பத்தேழு வயது.

ஒரு வரிகூடப் பொய் இல்லை. தபால் நிலையத்தில் பதிவுத் தபால் சீட்டை வாங்கி, நாலாக மடித்துச் செபமாலைப் பைக்குள் வைத்தேன்.

பல மாதம் கழித்து ஒரு நாள் பிற்பகல் மூன்றரைக்கு, அதாவது ரோமில் மதியம் பன்னிரண்டுக்கு, புது ஆயரின் பெயரை அறிவித்தார்கள். இட்லிப் பொட்டல இடத்தில் ஒருவர் வாயிலும் வராத பெயர். செயலாளர் போன் செய்து, “நான் அப்பவே சொன்னேன் மேடம்,” என்றார். என் கடிதம்தான் எங்கள் ஃபாதரைத் தடுத்ததா, அவர் பெயர் ரோமுக்குப் போன மூன்று பேர் பட்டியல்வரை போயிற்றா என்பது எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. அந்த வெள்ளிக்கிழமை ரவை கேசரி செய்தேன்.

“என்ன விசேஷமுங்க?” என்றார் ஃபாதர்.

“புது ஆயர் வந்திருக்காருங்களே,” என்றேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

புது ஆயரின் திருநிலைப்பாட்டுச் சடங்குக்கும் போயிருந்தேன். புதியவர் பீடத்தின் முன் தரையில் குப்புறக் கிடந்தார், கூட்டம் புனிதர்களின் பெயர்களைச் சொல்லி மன்றாடியது. அந்தச் சமயம் மட்டும் எனக்குக் கிண்டல் எதுவும் தோன்றவில்லை, அந்த மனிதரைப் பார்க்க இரக்கமாக இருந்தது. பிறகு தலையில் எண்ணெய் வார்த்தார்கள், மோதிரம் போட்டார்கள், கோலைக் கையில் கொடுத்தார்கள், தொப்பியை வைத்தார்கள். அதற்கு மேல் எங்கள் செயலாளர் மூன்று சால்வை போர்த்தினார்.

போதிப்பது, புனிதப்படுத்துவது, ஆள்வது என்று ஆயருக்கு மூன்று கடமை. முதல் இரண்டும் நடக்கிறதா என்று கண்டுபிடிக்கக் காலம் பிடிக்கும். மூன்றாவது நடக்கிறது என்பது மே மாதம் மாற்றல் பட்டியல் வரும்போது தெரிந்துவிடும். வந்தது. எங்கள் ஃபாதருக்கு இந்தப் பங்கில் ஆறு வருடம் முடிந்திருந்ததாம். ஹனூருக்கு அப்பால் மலைப்பக்கம் ஒரு பங்குக்குப் போட்டிருந்தார்கள்.

விடைபெற வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. “நோயாளிங்களப் பாக்கறதுல எனக்கு ஆர்வமுன்னு ஆயருக்கு யாரோ சொல்லியிருக்காங்க. அங்க பக்கத்துல ஆஸ்பத்திரியே இல்லீங்களாம். நீங்க போனாத்தான் சரியா இருக்கும்னாரு.”

யாரோ சொன்னது நானாக இருக்க முடியாது, என் கடிதம் டில்லிக்குப் போனது. ஆனால் நான் டில்லிக்கு எழுதியதும் அதே வரிதான். ஆயரின் முடிவில் குற்றம் கண்டுபிடிக்க ஒரு வாரம் முயன்றேன், கிடைக்கவில்லை. அதுதான் அவர்மேல் என் கோபம்.

புதுப் பங்குத்தந்தை முதல் வெள்ளிக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு வந்தார். முதல் வெள்ளி எது என்று அவருக்கு நன்றாகத் தெரிகிறது. செபித்தார், நற்கருணை கொடுத்தார், கைபேசியில் எங்கள் பெயருக்கு நேரே குறியிட்டார், பத்து பத்துக்குக் கிளம்பிவிட்டார். நாளை இவரைப் பற்றி டில்லிக் கடிதம் வந்தால் நிர்வாகம் என்ற இடத்தில் நான் தாராளமாக எழுதலாம்.

அவர் போன பிறகு என் கணவர் இடது கையால் கேரம் காய்களை ஒவ்வொன்றாக நடுவில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் ஸ்ட்ரைக்கரை எடுத்தேன். அவர் அதை என் விரல்களிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார்.

“வேண்டாம்.”

“ஏனுங்க?”

சொல்லைத் தேடினார். நேரமாயிற்று. “நீ கள்ளாட்டம் ஆடுவே,” என்றார். ஸ்ட்ரைக்கரை மடியில் வைத்துக்கொண்டு, “எனக்காகத்தான். தெரியும்,” என்றார்.

கருப்புக் காயைத்தான் சொன்னார், எனக்கு டில்லிக் கடிதம் நினைவுக்கு வந்தது. காய்களை டப்பாவில் போட்டு மூடினேன்.