தங்கதுரை எதற்குச் சிரித்தான்

மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரிப்பது எப்போதும் இருசப்பன்தான். நீளவாக்கில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, விரலை விட்டு நெம்பினால் தோல் முழுசாகக் கழன்று வரும். அன்றும் அடுப்படியில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி அமிர்தம் அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தாள். முன்பெல்லாம் இந்த நேரத்தில் வீடு கூத்தாக இருக்கும். "கரவள்ளி மிழங்கு வெந்துச்சா?" என்பான். பிள்ளைகள் உருண்டு சிரிக்கும்.

அவன் நாக்கு அப்படி. இரண்டு சொல் சேர்ந்து வந்தால் முதல் எழுத்துகளை இடம் மாற்றிவிடுவான். வடக்கனந்தலில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் அவனைச் சுற்றித்தான் கூட்டம். "சருப்பு பாம்பார் இன்னும் ரெண்டு கரண்டி" என்று கேட்பான். பரிமாறுகிறவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பான். எல்லாரையும்விட அதிகம் சிரித்தவன் பக்கத்துக் கொல்லைக்காரன் தங்கதுரை. சிரிக்க ஆரம்பித்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிடுவான். எழவு வீட்டில்கூட அப்படி நின்று மாமனாரிடம் திட்டு வாங்கியிருக்கிறான்.

எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தபோது இருவரும் சேர்ந்தே போனார்கள். ரோட்டோரப் புளியமரம் ஒன்றை வெட்டினார்கள். மரம் நினைத்த பக்கம் சாயவில்லை. தங்கதுரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். இருசப்பன் கத்தினான். வாயில் வந்தது, "சரம் மாயுது!"

தங்கதுரை திரும்பிப் பார்த்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மரம் அவன் மேலேயே விழுந்தது.

தன் வாயில் என்ன வந்தது என்பதை இருசப்பன் அமிர்தத்திடம் மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னான். அதற்கப்புறம் தண்ணி கேட்பதென்றாலும் உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டுதான் கேட்கிறான். களை வெட்டும்போது தங்கதுரையின் கொல்லைக்கு முதுகைக் காட்டமாட்டான். அங்கே யாரோ சிரிக்கிறார்கள் என்பான். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அன்று, மறியல் நடந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அடுப்படி வாசலில் தங்கதுரையின் பெண்சாதி கொளஞ்சியம்மாள் வந்து நின்றாள்.

"வா கொளஞ்சி, உக்காரு. கெழங்கு வேவட்டும், துன்னுட்டுப் போ" என்றாள் அமிர்தம்.

"இருக்கட்டும் அண்ணி. அண்ணன்கிட்ட ஒண்ணு கேக்கணும்." சுவரோரம் உட்கார்ந்தாள். "ஏண்ணே, மரம் சாயசொல்ல அவரு சிரிச்சிக்கினு நின்னாராமே. குடிச்சிருந்தாரா?"

"இல்ல."

"அப்போ வேணும்னே நின்னாரா?"

இருசப்பனின் கை நின்றது.

"அன்னிக்குக் காலையில எங்க ரெண்டு பேருக்கும் சண்டை. மறியலுக்குப் போவாதன்னேன், கேக்கல. எங்கனா போய்த் தொலைன்னு சொல்லிட்டேன். அத்த நெனச்சிக்கினுதான் நின்னாரோன்னு இருக்குது. நீங்க பக்கத்துல இருந்தீங்களே. எதுக்குண்ணே சிரிச்சாரு?"

அடுப்பில் தண்ணீர் கொதித்துப் பாத்திரத்து மூடி ஆடியது. அமிர்தம் அதை எடுக்கவில்லை.

"சொல்லுய்யா" என்றாள் மெதுவாக. "அது கேக்குதில்ல, சொல்லு."

சொல்வதென்றால் அந்த இரண்டு வார்த்தையையும் இன்னொரு தடவை, அதே மாதிரி சொல்லியாக வேண்டும். இருசப்பன் உதட்டை அசைத்துப் பார்த்தான். உரித்த கிழங்கையே எடுத்து மறுபடியும் கீற ஆரம்பித்தான்.

கொளஞ்சியம்மாள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அமிர்தத்தைப் பார்த்தாள். அமிர்தம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரி அண்ணே, நா வரேன்."

சுவரைப் பிடித்து எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள்.