பெஞ்சுக்கு ஒரு விரல்கடை மேலே: எண்ணூர் ஆற்றங்கரையில் இரண்டு கிலோமீட்டர்

வடசென்னையின் அத்தனை புகைபோக்கிகள் மேலும் ஆணையாகச் சொல்கிறேன், இனி வரும் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை. என் மனைவி நம்பவில்லை. பங்கு சாமியார் முழுவதும் கேட்டுவிட்டு, பாவசங்கீர்த்தனத்துக்கு எப்போது வருகிறாய் என்று மட்டும் விசாரித்தார். ஆகவே நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் நேரம், கட்டணம், தூரம் மூன்றும் துல்லியம். அதில் நான் விளையாடினால் நீங்கள் ரயிலைத் தவறவிடுவீர்கள்.

பயணத்துக்குக் காரணம் என் வலது முட்டி. ஆறு மாதம் முன்பு அதைப் பிரித்து, உள்ளே சின்னதாக ஒரு ரயில்வே பாலம் கட்டி மூடினார்கள். ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்குச் சப்பரம் தூக்குவோம். முன் இடது தண்டு இருபத்தாறு வருடமாக என் தோளில்தான். அதற்கு ஒரு சட்டம் உண்டு. சப்பரம் புறப்பட்டுக் கோயில் திரும்பும்வரை, வழியில் முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்தினாலும், தூக்குகிறவன் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் தண்டு அடுத்தவனுக்கு. சுற்றுப் பாதை இரண்டு கிலோமீட்டர். இந்த முட்டியோடு அது முடியுமா என்று கூட்டத்தில் பேச்சு வந்தது.

பேச்சை முடித்துவைக்க வேண்டியவன் செபஸ்தி, சப்பரக் கூட்டத்தின் தலைவன், என் நாற்பது வருடத் தோஸ்து. தண்டுக்குக் காத்திருப்பதோ அவனுடைய சொந்த மருமகன். தினமும் இரும்பு தூக்கி உடம்பை அலமாரி மாதிரி வைத்திருக்கும் பையன்.

"மாமு, எண்ணூர்ல ஆத்தாண்ட கல்லு போட்டு ரோடு மாரி நீட்டா வச்சிகிறாங்க. சரியா ரெண்டு கிலோமீட்டரு. உக்காராம நட. நடந்துட்டா தண்டு உன்து. உக்காந்தியானா, மாப்ளைக்கு," என்றான் செபஸ்தி.

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்த ஒரு சனிக்கிழமை, நானும் செபஸ்தியும் ராயபுரம் ஸ்டேஷனில் காலை ஐந்து ஐம்பதுக்கு மின்சார ரயில் ஏறினோம். டிக்கெட் ஐந்து ரூபாய். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தாண்டி எண்ணூரில் இறங்கும்போது மணி ஆறு இருபத்தெட்டு. இடது பக்க ஜன்னலில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அந்த வரிசையின் வால் ஆந்திராவிலும் தலை சிங்கப்பூரிலும் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய், மூன்று கிலோமீட்டர்.

"ஆத்தாண்ட இன்னா வேல பெருசு?" என்றார் ஓட்டுநர்.

"நடக்கப் போறோம்."

"நடக்கிறதுக்கு ஆட்டோவா? நல்லாக்கீதே."

நடைபாதை கொசஸ்தலை ஆற்றின் தென்கரையை ஒட்டி, கழிமுகம் நோக்கிப் போகிறது. சமதளம், சிமென்ட் கல். குழந்தை வண்டி, சக்கர நாற்காலி இரண்டும் தாராளமாக ஓடும். நூறு மீட்டருக்கு ஒரு பெஞ்ச். வடக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், கிழக்கே கடல், நடுவே தண்ணீரில் நாரைகள். தண்ணீர் கொஞ்சம் சாம்பல் நிறம்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் தென்சென்னை நண்பர்களே, உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே ஒரு விளக்கு எரிகிறதே, அது இந்தப் பக்கத்துச் சரக்கு. வடக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மூடுங்கள்.

ஆறு ஐம்பதுக்கு நடக்கத் தொடங்கினேன். முதல் அரை கிலோமீட்டர் பறந்தேன். கூழைக்கடாக்கள் வரிசையாக நின்று எனக்குச் சல்யூட் அடித்தன. ஒரு கிலோமீட்டரில் என் வேகத்தால் எழுந்த காற்றில் அக்கரை வலைகள் காய்ந்தன. அதற்கு மேல்தான் உள்ளே இருந்த ரயில்வே பாலம் முனகத் தொடங்கியது. ஒவ்வொரு பெஞ்சும் "வா மச்சான்" என்று கை நீட்டியது. ஒன்று எழுந்து கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தது.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். துறைமுகத்தில் நான் கிரேன் ஓட்டினேன். செபஸ்தி கப்பலில் நின்று கைசாடை காட்டினான். மேலே கூண்டில் இருப்பவனுக்குக் கப்பலின் வயிறு தெரியாது. கீழே இருப்பவன் கைதான் அவனுக்குக் கண். ஆள்காட்டி விரலை வானம் பார்க்க வைத்துச் சுழற்றினால், தூக்கு. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால், அப்படியே நிறுத்து. எதற்கு, ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்கிற நேரத்தில் கீழே ஓர் ஆள் நசுங்கிவிடுவான். முப்பத்தொரு வருடம் இப்படி வேலை செய்தோம். ஒருமுறை ஒரு கப்பலையே தூக்கி, அடியில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டிவிட்டு இறக்கினோம்.

சரியாக ஒன்றரை கிலோமீட்டர் கல். மணி ஏழு இருபத்தைந்து. முட்டிக்குள் யாரோ வெல்டிங் வைத்தார்கள். செபஸ்தி பத்தடி முன்னால் போய், இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தான்.

"இன்னாமா, எறா கீதா?"

"கீது நைனா, ஏதோ கொழம்புக்கு. மடவ மீனுதான் வர்றதில்ல."

அவன் முதுகு என் பக்கம். பக்கத்தில் பெஞ்ச். யார் பார்க்கப் போகிறார்கள்? போதும், தண்டு அந்தப் பையனுக்கே போகட்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினேன்.

"மடவையா? நம்ம காலத்துல இதே ஆத்துல இம்மாம் பெருசு புடிச்சிகிறேன்," என்று செபஸ்தி இரண்டு கையையும் விரித்தான்.

நான் நின்றுவிட்டேன். பெஞ்சுக்கும் எனக்கும் ஒரு விரல்கடை இருக்கும்போது, இறங்கிக்கொண்டிருந்த உடம்பு அந்தரத்தில் அப்படியே நின்றது. மூளை "உட்காருடா, அவன் மீனைச் சொல்கிறான்" என்றது. தொடை கேட்கவில்லை. அதற்குத் தெரிந்த முதலாளி அந்த இரண்டு கைகள்தான்.

"அது மீனு இல்ல நைனா, கட்டுமரம்," என்ற அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "இன்னா உன் தோஸ்து, இல்லாத நாற்காலில குந்திகினு கீறாரு?"

செபஸ்தி திரும்பினான். கைகள் இன்னும் விரிந்தே இருந்தன. தன் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என்ன நடந்தது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் கையைக் கீழே போட்டிருந்தால் போதும், நான் பொத்தென்று விழுந்திருப்பேன், அவன் மகள் வீட்டில் அன்று பாயசம்.

இடது கையை மெல்ல மடக்கினான். வலது கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலை வானம் பார்க்க வைத்துச் சுழற்றினான்.

எழுந்தேன். மீதி ஐநூறு மீட்டரையும் நடந்தேன். ஏழு நாற்பத்தாறுக்குக் கழிமுகத்தின் கடைசிக் கல்லைத் தொட்டேன். கடல் எழுந்து நின்று கைதட்டியது. நான் வேண்டாம் என்று அடக்கினேன்.

"டேய், நீ உக்காந்தியா, உக்காரலியா?" என்றான் செபஸ்தி.

"நீதான பார்த்த."

"சரக்கு தரைய தொட்டுச்சா?"

"தொடல."

"அப்ப எறங்கல." வந்த வழியே திரும்பினான். "மாப்ளையாண்ட நான் சொல்லிக்கிறேன். வீட்லதான் பேஜாரு."

போக நினைப்பவர்களுக்கு: ஏழு மணிக்குள் தொடங்குங்கள், எட்டரைக்கு மேல் கல் கொதிக்கிறது. வழியில் நிழல் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, கழிவறையும் ஸ்டேஷனோடு சரி. ஒரு லிட்டர் தண்ணீரும் தொப்பியும் போதும். கரைக்கு வரும் பெண்களிடம் இறால் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். ஆளுக்குப் போக வர ஐம்பது ரூபாய். முட்டி பழுதானவர்கள் பெஞ்சில் தாராளமாக உட்காரலாம், உங்களுக்குத் தண்டு பிரச்சினை கிடையாது.

திருவிழா முடிந்துவிட்டது. இடது தோளில் காய்ப்பு இன்னும் சிவந்திருக்கிறது. செபஸ்தியின் மருமகன் எனக்குப் பின்னால் இரண்டாவது ஆளாக வந்தான். நல்ல பையன், உயரம் கொஞ்சம் அதிகம்.

கூழைக்கடா சல்யூட் அடிக்கவில்லை. பெஞ்ச் பின்னால் வரவில்லை. கப்பலைத் தூக்கியதும் இல்லை, கடல் கைதட்டியதும் இல்லை. இவ்வளவையும் கழித்தால் சின்னதாக ஒன்று மிஞ்சுகிறது, அது மட்டும் உண்மை. அந்த விரல் சுழன்றது. நான் எழுந்தேன்.