சுரைக்குடுவையில் பீன்ஸ்

மேற்கு டெக்சாஸில் ஒரு விழாவில் அவரைப் பார்த்தேன். ஜுமானோ என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். முகமெங்கும் வண்ணக் கோடுகள், தலையில் பேஸ்பால் தொப்பி. நெருப்பில் பழுத்த கற்களை இடுக்கியால் எடுத்து, தண்ணீரும் பீன்ஸும் நிறைந்த சுரைக்குடுவைக்குள் போட்டுக்கொண்டே இருந்தார். கல் ஆறியதும் எடுத்துவிட்டு அடுத்ததைப் போடுவார். முன்னோர் சமைத்த முறையாம்.

"விசிலே இல்லையே, வெந்துடுச்சான்னு எப்படித் தெரியும்? கேளுங்க," என்றாள் என் மனைவி.

எங்கள் குக்கர் வெந்ததும் கத்திச் சொல்லும் என்று ஆங்கிலத்தில் விளக்கிவிட்டுக் கேட்டேன். அவர் தீவிரமாக யோசித்தார்.

"எங்க குடுவை கத்தாது. சுத்தி உட்கார்ந்திருக்கறவங்கதான் பசியில கத்துவாங்க."

நாங்கள் சீக்கிரமே கத்திவிட்டோம் போலிருக்கிறது, பீன்ஸ் அரைவேக்காடு.

இப்போதெல்லாம் காப்பெல் ஊரில் எங்கள் வீட்டில் குக்கர் விசிலடித்தால், பாவம், அதற்கும் பசிக்கிறது என்றே தோன்றுகிறது.