எலும்பில் விழுந்த வெள்ளைக் கோடு

மாஞ்சோலையை விட்டு இறங்கி, கல்லிடைக்குறிச்சியில் வாடகை வீட்டுக்கு வந்த அன்று நடந்தது இது. தேயிலை எஸ்டேட்டில் வேலை முடிந்துபோய், எல்லோரும் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்துகொண்டிருந்த நேரம். கட்டில், பாத்திரம், கோழிக்கூடு எல்லாம் ஏற்றி வந்த லாரி வாசலில் நின்றதுதான் தாமதம், என் ஒன்பது வயது மகள் மேலிருந்து குதித்துவிட்டாள். மலைச்சரிவில் குதித்தே வளர்ந்தவள். இங்கே சமதரையில் இடது கால் மடங்கிவிட்டது.

மலையில் ஆஸ்பத்திரிக்கென்று பஸ் ஏறினால் அன்றைய பொழுது அதோடு சரி. அதனால் கால் எப்படிப் பிசகினாலும் எங்களுக்கு அது சுளுக்குதான். அன்றும் எண்ணெயைச் சூடாக்கி நீவிவிட்டேன்.

"எம்மா, விடும்மா, உசிரு போகுது!"

"சும்மா இரிட்டி, சுளுக்குன்னா அப்படித்தான் வலிக்கும்" என்றேன், பெரிய வைத்தியர் மாதிரி.

மறுநாள் கணுக்கால் பொம்மென்று வீங்கிவிட்டது. காலை ஊன்ற முடியவில்லை. திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, "சுளுக்கு இல்லம்மா. பிள்ளைகளுக்கு எலும்பு நுனிப் பக்கம் மெத்துன்னு ஒரு இடம் இருக்கும். அங்கன இருந்துதான் கால் நீளுது. அதுலதான் அடி" என்றார். மாவுக்கட்டு போட்டார். கட்டுப் பிரித்ததும் நடந்துவிடுவாளாம். ஆனால் அந்த இடம் முன்போல வளருமா, ஒரு பக்கம் நின்றுபோய்க் கால் கோணிவிடுமா என்பது போகப் போகத்தான் தெரியுமாம்.

அதற்குப் பிறகு அப்பளம் தேய்க்கும் வேலைக்குப் போனாலும் நினைப்பெல்லாம் அவள் காலில்தான். கட்டுப் பிரித்ததிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது சுவரோரம் நிற்க வைத்து, பாவாடை ஓரம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். ஒருநாள் இடப்பக்கம் இறங்கித் தெரிந்தது. அவளை அசையாமல் நிற்கச் சொல்லி மறுபடி மறுபடி பார்த்தேன். அவளோ, "எம்மா, நீதான் கோணலாத் தச்சிருக்க" என்றாள். பார்த்தால் அதுதான் உண்மை!

சில மாதம் கழித்து மறுபடி படம் எடுத்தார்கள். டாக்டரம்மா அதைத் திரையில் போட்டு வெகுநேரம் பார்த்தார். நான் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றேன்.

"இங்கன பாருங்கம்மா" என்று கணுக்காலுக்குச் சற்று மேலே தொட்டுக் காட்டினார். எலும்புக்குள் குறுக்கே நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. "அடிபட்டதும் எலும்பு கொஞ்ச நாள் வளராம நின்னுட்டுது. அது நின்ன இடம்தான் இந்தக் கோடு. கோட்டுக்குக் கீழ உள்ளது பூரா அதுக்குப் பிறகு வளந்தது. ஒரு பக்கம் வளராம இருந்திருந்தா கோடு சாஞ்சிருக்கும். இது நேரா இருக்கு. இனிமே பயம் இல்ல."

டாக்டர்கள் எத்தனையோ பிள்ளைகளின் படங்களை வருஷக்கணக்கில் ஆராய்ந்துதான் இந்தக் கோட்டின் அர்த்தத்தைக் கண்டுபிடித்தார்களாம். முகம் தெரியாத அத்தனை பிள்ளைகளுக்கும் மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

மகள் திரையை ஒட்டி நின்று விரல் வைத்துப் பார்த்தாள். "அப்போ கோட்டுக்கு மேல உள்ளது மாஞ்சோலையில வளந்த எலும்பு. கீழ உள்ளது கல்லிடைக்குறிச்சியில வளந்தது. அப்படித்தான டாக்டர்?"

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "ஆமாட்டி, சரியாச் சொல்லிட்ட" என்றார். என்னால் கண்ணீரை அடக்க முடியவில்லை. அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

அந்தக் கோடுகூட நாளாக நாளாக மறைந்துவிடுமாம். மலையிறங்கிய பிறகு நம் பிழைப்பு இதோடு நின்றுபோச்சு என்று நான் இடிந்து உட்கார்ந்திருந்த அதே நாட்களில், என் மகளின் காலுக்குள் எலும்பு யாரையும் கேட்காமல் மறுபடி வளரத் தொடங்கியிருந்தது என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.