நான்கு பேர் திரும்பும் மாடிப்படி

ஓசூரில் நான் தனியாகப் பெயர் போட்டு வரைந்த முதல் கட்டடம் அது. தளி சாலையில், கீழே ஐந்து கடைகள், மேலே மூன்று மாடி வீடுகள். நிலத்துக்காரர் அதே மண்ணில் முட்டைக்கோஸ் போட்டவர். சுற்றிலும் கம்பெனிகள் வந்ததும் வாடகை வீடு கட்டத் துணிந்தார்.

"நம்ம ஊர் பாரம்பரியம் தெரியணும் மேடம்" என்று சொல்லி, போனில் ஒரு படம் காட்டினார். ஃபைபரில் வார்த்த கோயில் தூண்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுற்றுவட்டாரம் முழுக்கக் கருங்கல்லை அறுத்துக் கப்பல் ஏற்றுகிறார்கள், இவருக்கு ஃபைபர் தூண்!

தூண் விஷயத்தில் அவர் சீக்கிரமே கல்லுக்கு இறங்கி வந்தார். மாடிப்படியில்தான் முட்டிக்கொண்டோம். நான் கேட்ட அகலத்தைக் கொடுத்தால் ஒரு கடை போய்விடும்.

"லிஃப்ட்டுதான் இருக்குதே, அப்புறம் எதுக்கு இவ்ளோ பெரிய படி?"

காரணத்தைச் சொன்னேன். என் அப்பா இதே ஊரில், ஒரு அபார்ட்மெண்டின் மூன்றாவது மாடியில் இறந்தார். சவப்பெட்டி லிஃப்டில் நுழையவில்லை. படியின் வளைவில் திரும்பவும் இல்லை. செங்குத்தாக நிமிர்த்தினார்கள். உள்ளே அப்பா சரிந்த சத்தம் கேட்டது. சர்ச்சில் எல்லோரும் பாடியபோதும் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் முகம் சுருங்கியது. "கடக்கால் தோண்டறதுக்கு முன்னாடியே சாவப் பத்திப் பேசறீங்களே, வெளங்குமா?" என்று எழுந்து போய்விட்டார். வேறு ஆளைப் பார்க்கப்போவதாக மேஸ்திரியிடம் சொன்னாராம். வேலை போனால் போகட்டும், அந்தப் படியைக் குறுக்க மாட்டேன் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, கடைசியாக ஒரு தடவை மனைக்கு வரச்சொன்னேன். வேண்டாவெறுப்பாக வந்தார். சுண்ணாம்புப் பொடியால் அவர் கேட்ட குறுகலான படி, என் படி இரண்டையும் தரையில் முழு அளவில் போட்டு வைத்திருந்தேன். மேஸ்திரி வாட்ச்மேனின் கட்டிலைக் கொண்டுவந்தார். நான்கு பேர் தோளில் தூக்கி நடந்தார்கள். அவர் கேட்ட படியின் வளைவில் மூன்று தடவை முயன்றும், சுவர்க் கோட்டை மிதிக்காமல் திரும்ப முடியவில்லை. என் படியில் சாவகாசமாகத் திரும்பினார்கள்.

"அண்ணா, கல் தூண்கூட வேண்டாம். வீட்ட விட்டுக் கடைசியா போறவங்கள நாலு பேர் தோள்ல, படுத்த வாக்குல அனுப்பறதுதான் நம்ம வழக்கம். அதுக்கு எடம் குடுங்க."

கட்டிலைப் பார்க்காமல் வேலியைப் பார்த்தபடி நின்றார். "பீரோ ஏத்த வசதியா இருக்கும்னு போட்டுக்கங்க" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

வீடுகளுக்கு ஆள் வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் அவரிடமிருந்து போன். மூன்றாவது மாடியில் குடியிருந்தவர், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர், இறந்துவிட்டார். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்களாம்.

"சொந்தக்காரங்க மூணு பேருதான் இருந்தாங்க மேடம். நாலாவது தோளு நான் குடுத்தேன்."

பிறகு சொன்னார்:

"திரும்பறப்ப சாயல."