மொபைல் நம்பர் ஒன்றென்றால் ஆளும் ஒன்றா?

காலையில் வரும் முதல் போன் எனக்கு எப்போதுமே ஆகாது. சாஃப்ட்வேர் நன்றாக ஓடுகிறது என்று சொல்ல இத்தனை வருட சர்வீஸில் ஒருவரும் கூப்பிட்டதில்லை.

அன்று கூப்பிட்டது ஜெயா. சங்கரன்கோவிலில் எங்கள் சாஃப்ட்வேரைப் பயன்படுத்தும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரிஜிஸ்ட்ரேஷன் கவுன்ட்டரில் இருப்பவள்.

"அக்கா, முப்பிடாதின்னு ஒரு தறிக்காரம்மா வந்திருக்காங்க. கால்ல புண்ணு, சீழ் வச்சிருக்கு. முன்னாடி இங்கனதான் பெட்ல கிடந்தேன்னு சொல்லுதாங்க. பேரப் போட்டா ஆளே இல்ல. மொபைல் நம்பரப் போட்டா சுடலைமுத்துன்னு வருது."

"நீ என்ன செஞ்ச?"

"புதுசா பதிஞ்சு வார்டுக்கு அனுப்பிட்டேன். கூட்டம் நிக்குல்லா!"

டேட்டாபேஸில் இருக்கும் ஆள் தானாக எழுந்து நடந்து போக மாட்டார். யாரோ எடுத்திருக்க வேண்டும்.

குரூப்பில் வந்த ஸ்கிரிப்ட்

எங்கள் ஆபீஸ், ஸ்டேஷன் ரோட்டில் ஒரு மருந்துக்கடை மாடி. அந்த ஆஸ்பத்திரி வேலையைப் பார்ப்பது நானும் பேச்சிமுத்துவும். பேச்சிக்குக் கரிவலம்வந்தநல்லூர், தினமும் பைக்கில் வருவான். கெட்டிக்காரன், என்ன ஒன்று, கொஞ்சம் அவசரக்காரன்.

"ஏலே பேச்சி, நேத்து ஆஸ்பத்திரி டேட்டால என்ன செஞ்ச?"

"ஒரே ஆள ரெண்டு தடவ பதிஞ்ச டூப்ளிகேட் பேஷண்ட் நிறைய இருக்கு, எடுத்துக் கொடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்கல்லா. நம்ம குரூப்ல ஒரு ஸ்கிரிப்ட் வந்துச்சு. அதை ஓட்டுனேன்க்கா."

குரூப் என்று அவன் சொன்னது, இந்தப் பக்கத்து டெவலப்பர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குரூப். பாதிப் பேர் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள், மீதிப் பேர் எங்களைப் போல ஊரிலேயே. யாராவது ஒரு சிக்கலில் மாட்டி வெளியே வந்தால், வந்த வழியைக் குறிப்பாக எழுதி, அதற்கு எழுதிய சின்ன புரோகிராமையும், அதாவது ஸ்கிரிப்டையும், சேர்த்துப் போடுவார்கள். எனக்குத் தெரிந்ததில் பாதி அப்படி வந்ததுதான். அதைக் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும்.

ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். அழகாக எழுதியிருந்தது. ஒரே மொபைல் நம்பரில் எத்தனை ரெக்கார்ட் இருந்தாலும் கடைசியாக வந்ததை வைத்துக்கொண்டு, மற்றதை அழித்துவிடும். எழுதியவர் ஒரு ஷாப்பிங் ஆப்பில் வேலை பார்க்கிறவர். அங்கே நம்பர் ஒன்றென்றால் கஸ்டமரும் ஒன்றுதான். கீழே வரிசையாகக் கட்டைவிரல் லைக்.

"பேச்சி, உங்க அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனா யார் நம்பரக் கொடுப்பாங்க?"

"என் நம்பர்தான்."

"உங்க சித்தி?"

"அவங்களும் என் நம்பர்தான்..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்தினான். முகம் வெளிறிவிட்டது.

இந்த ஊர்த் தறி செட்டில், அதாவது விசைத்தறிக் கூடத்தில், வேலை பார்ப்பவர்களிடம் நம்பர் கேட்டால் பாதிப் பேர் செட் முதலாளி நம்பரைத்தான் சொல்வார்கள். அதுதான் மாறாமல் இருக்கும், ரீசார்ஜ் தீர்ந்து கிடக்காது. அப்படி ஒரு செட் முழுவதையும் அழித்துவிட்டு, கடைசியாகப் பதிந்த சுடலைமுத்து என்ற ஒரே மனிதரை மட்டும் வைத்துக்கொண்டது எங்கள் ஸ்கிரிப்ட்.

"பேக்கப் எடுத்துட்டுத்தான்க்கா ஓட்டுனேன்" என்றான். புண்ணியவான். அந்த பேக்கப்பைத் திறந்து முப்பிடாதி என்று தேடினேன். வந்தது. பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் கட்டம். ஒரு ஆன்டிபயாடிக் ஊசியின் பெயர் போட்டு, ஒவ்வாமை, மூச்சுத்திணறல், ஐசியூ என்று எழுதியிருந்தது.

காலில் சீழ் வைத்த புண்ணுக்கு வேறு என்ன ஊசி போடுவார்கள்? சற்று முன் ஜெயா பதிந்த புது ரெக்கார்டில் அந்தச் சிவப்புக் கட்டம் இல்லை. அந்தப் புது ரெக்கார்டைப் பார்த்துத்தான் வார்டில் ஊசி எடுப்பார்கள்.

வார்டு வரைக்கும்

வார்டுக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜெயா லைன் பிஸி. டாக்டர் எடுக்கவில்லை. "விடாம போட்டுக்கிட்டே இரு. யாரு எடுத்தாலும் முப்பிடாதிக்கு ஊசி போடக் கூடாதுன்னு சொல்லு" என்று பேச்சியிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

பூ மார்க்கெட் முன்னால் வேன்கள் குறுக்கும் நெடுக்குமாக நின்றன. மூட்டை இறக்கும் ஒருவரிடம் கத்தினேன். "என்னம்மா, ரயிலா பிடிக்கப் போறிய?" என்று அவரும் கத்தினார். கிடைத்த இடுக்கில் வண்டியை நுழைத்தேன். ஒரு பொம்பளையைக் கொன்றுவிட்டோமோ, கொன்றுவிட்டோமோ என்பதைத் தவிர மண்டையில் வேறு எதுவும் ஓடவில்லை.

வார்டில் கடைசிக் கட்டிலில் அந்த அம்மா படுத்திருந்தார். கையில் டிரிப் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற சிஸ்டரைப் பார்த்து, "நிறுத்துங்க! மருந்த நிறுத்துங்க!" என்று அலறினேன்.

சிஸ்டர் நல்லவேளை விளக்கம் கேட்கவில்லை. குழாயை மூடிவிட்டுத்தான், "ஏன் மேடம்?" என்றார். சொன்னேன். அவர் முகமும் மாறியது. "நான் கேட்டேனே, ஏதாவது மருந்து ஒத்துக்காதான்னு" என்றார்.

"என்னமோ ஒண்ணு ஆகாதுன்னாங்க தாயி, பேரு வாயில வரல" என்றார் முப்பிடாதி. "கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம், இனி நீ சொல்லவே வேண்டாம்னு சொல்லித்தான அனுப்புனாங்க."

சொல்லும்போதே கழுத்தைச் சொறிந்தார். நெஞ்சுக்கு மேலே தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. டாக்டர் ஓடிவந்தார், ஒவ்வாமைக்கு மாற்று ஊசி போட்டார், ஆக்சிஜன் வைத்தார். நான் சுவரோரம் நின்று அந்த அம்மாவின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பயந்தது எனக்கு வாழ்க்கையில் வேறு நாள் இல்லை. எங்கள் தொழிலில் தப்பு நடந்தால் ஸ்கிரீன்தான் சிவக்கும், அன்று ஒரு மனுஷியின் தோல் சிவந்தது.

மெல்ல மெல்லத் தடிப்பு அடங்கியது. டாக்டர் என்னிடம் திரும்பி, "கொஞ்ச மருந்துதான் உள்ள போயிருக்கு. பிழைச்சுக்கிட்டாங்க" என்றார்.

முப்பிடாதி மாஸ்க்கை விலக்கி, "நீ டாக்டரா தாயி?" என்று கேட்டார்.

"இல்லம்மா, கம்ப்யூட்டர் வேலை."

"பின்ன நீ எதுக்கு அழுத?"

எழுத வேண்டிய முதல் வரி

வார்டு வராண்டாவில் நின்றே பேச்சியிடம் பழைய டேட்டாவை ஏற்றச் சொன்னேன். அது ஏறி முடியும்வரை யாரும் ஸ்கிரீனை நம்பி மருந்து கொடுக்கக் கூடாது என்று டாக்டர் எல்லா வார்டுக்கும் சொல்லி அனுப்பினார்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். தெரிந்ததைப் பகிருங்கள், தாராளமாகப் பகிருங்கள். ஆனால் ஸ்கிரிப்டுக்கு மேலே, முதல் வரியிலேயே, அது எந்த மாதிரி டேட்டாவுக்காக எழுதியது, எங்கே ஓட்டக் கூடாது என்று எழுதுங்கள். எடுத்து ஓட்டுகிறவர்கள், உங்கள் ஊர் ஆட்கள் அந்த டேட்டாவில் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு தரம் யோசியுங்கள். கட்டைவிரல் போட்டவர்களில் எத்தனை பேர் ஓட்டிப் பார்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இதையே அன்று குரூப்பில் எழுதலாம் என்று அந்த வராண்டாவிலேயே போனைத் திறந்தேன். அந்த ஸ்கிரிப்டுக்குக் கீழே புதிதாக ஒரு மெசேஜ் வந்திருந்தது. எனக்குப் பழக்கமில்லாத பெயர். 'சூப்பர் அண்ணாச்சி, எங்க ஆஸ்பத்திரியிலயும் ஓட்டிட்டோம். ரொம்ப நன்றி.'

உடனே அந்த நம்பருக்கு அடித்தேன். சின்ன வயதுக் குரல். விஷயத்தைச் சொன்னேன்.

"என்னக்கா இப்படிப் பயமுறுத்துதிய?" என்று சிரித்தான். "இங்க எல்லாம் கிளீனா ஓடிருச்சு. ஒரு எரர் கூட வரல."

"எங்களுக்கும் வரல தம்பி" என்றேன். "போனை வைக்காத. உங்க வார்டுல இப்ப யாரெல்லாம் படுத்திருக்காங்கன்னு சொல்லு."