அருவிக்கரை வரிசையில் நான்

எட்டாம் வகுப்பில் அந்தப் பிள்ளையின் பெஞ்சில் யாரும் உட்காரமாட்டார்கள். அவளுடைய அக்காவைக் குற்றாலத்தில் பைத்தியம் தெளியவைக்கும் வீடு ஒன்றில் விட்டிருப்பது தென்காசி முழுக்கத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். ஒருநாள் அவள் என் மேசைக்கு வந்தாள்.

"எம் பேர வெட்டிருங்க டீச்சர். நான் இனி வரல."

வெட்டவில்லை. அவளை உட்காரச் சொன்னேன். அன்றைக்கே கணக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு, யாரிடமும் சொல்லாத ஒன்றை வகுப்பில் சொன்னேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆசிரியப் பயிற்சியில் தேறினால் எனக்கு மொட்டை போடுவதாக அம்மா திருச்செந்தூருக்கு நேர்ந்திருந்தாள். முடி இறக்கிய மூன்றாம் நாள் விடியலில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். சாரல் காலம். அம்மா துணிமூட்டையோடு மேலே நின்றுவிட்டாள்; அப்பா ஆண்கள் பக்கம் போனார். தலையில் எண்ணெய் வழிய, பெண்கள் பக்கம் தனியாக இறங்கினேன்.

மூடுபனிக்குள்ளிருந்து ஒரு வரிசை வந்தது. எல்லாம் பெண்கள். மொட்டைத் தலை, எண்ணெய், சிலர் காலில் சங்கிலி. அருவி தலையில் விழுந்தால் புத்தி தெளியும் என்று அந்த மாதிரி வீடுகளிலிருந்து தினமும் கூட்டிவருவார்கள். ஒதுங்கி நின்ற என் கையைப் பிடித்து, காவல்காரி வரிசைக்குள் இழுத்தாள்.

"நான் டீச்சர். கைய விடுங்க."

"இங்கன எல்லாருமே டீச்சர்தான் தாயி. நட."

படித்ததையெல்லாம் உரக்கச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் பிடி இறுகியது. முன்னால் போன பெண் திரும்பாமலே பேசினாள்.

"சத்தங்காட்டாதட்டி. நானும் மொத நாளு இப்படித்தான் சொன்னேன்."

அருவிக்குள் எல்லோரும் கத்தினார்கள். குளிக்க வந்த குடும்பப் பெண்களும் அப்படியேதான் கத்தினார்கள். அதில் என் குரல் எது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெளியே வந்தபோது அப்பா பாறைமேல் நின்று, "அது எம் மக" என்றார். அவருக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது. காவல்காரி உடனே என் கையை விட்டுவிட்டாள்.

வகுப்பில் இதைச் சொல்லி முடித்தேன். பிறகு முன்வரிசைக்காரி ஒருத்தி கேட்டாள்.

"வாய்ப்பாடு சொல்லிக் காட்டியிருக்கலாம்லா டீச்சர்?"

"சொன்னேன். பதினாறாம் வாய்ப்பாடு. அவ சிரிச்சா."

பிள்ளைகளும் சிரித்தார்கள். முன்வரிசைக்காரி சிரிப்பைப் பாதியில் நிறுத்திக் கேட்டாள்.

"அப்ப எங்களப் பிடிச்சா நாங்க என்ன சொல்லணும்?"

தனிப்பெஞ்சிலிருந்து அந்தப் பிள்ளை மெல்லச் சொன்னாள்.

"எங்க அக்காளும் வாய்ப்பாடு சொல்லுவா. இருபது வரைக்கும்."

யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அவள் வந்திருந்தாள். முன்வரிசைக்காரி தன் பையோடு அந்தப் பெஞ்சுக்கு மாறியிருந்தாள். மூவர் உட்காரும் அந்தப் பெஞ்சில் மூன்றாவது இடம் அந்த வருஷம் முழுவதும் காலியாகவே கிடந்தது.